உறுமலை அடித்து நிறுத்தியவன் நான்

என் நாய் ஒரு சிறுவனைக் கடித்தது. பையன் நாயைச் சீண்டினான், அதனால்தான் கடித்தது என்று நான் ஊரில் சொன்னேன். அது பொய். பையன் சீண்டவில்லை. நாய்க்குத் தண்ணீர் வைக்கத்தான் போனான். அந்த நாயைக் கடிக்கும் நாயாக ஆக்கியவன் நான். எப்படி ஆக்கினேன் என்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

புத்தளம் வீதியில் பத்துளு ஓயாவில் மேற்கே திரும்பினால் உடப்பு. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் முந்தல் களப்பும் டச்சுக் கால்வாயும். கரைவலை இழுத்துப் பிழைத்த ஊர். 1980களில் இந்தப் பக்கமெல்லாம் இறால் பண்ணை வந்தது. கால்வாய்க் கரைகளை வெட்டிக் குளங்களாக்கினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. குளம் குளமாக இறால் செத்து மிதந்தது. அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. நோய்க்கு ஒரு பயம், கள்ளனுக்கு ஒரு பயம். மாதக்கணக்கில் கடன்பட்டுத் தீனி போட்டு வளர்த்ததை ஒரே இரவில் வீச்சுவலை போட்டு அள்ளிக்கொண்டு போய்விடலாம்.

அந்தப் பயத்தில்தான் நாய் வாங்கினேன் என்று இத்தனை காலம் சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. காவலுக்கு ஊர் நாய்கள் இரண்டு போதும். இருட்டில் ஒரு நிழல் அசைந்தாலும் அவை ஊரையே எழுப்பிவிடும். எனக்கு அது போதவில்லை. என் வாசலில் வந்து நிற்பவன் நடுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என்னை எல்லோரும் 'முதலாளி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தப் பெயருக்கு ஏற்ற நாய் வேண்டும் என்று நினைத்தேன். அல்சேஷன் குட்டி ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்கினேன். சீசர் என்று பெயர் வைத்தேன்.

அது எப்படிப்பட்ட நாய் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஜெர்மனியில் 1899இல் மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிற்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து எடுத்து நிலைப்படுத்திய இனம் அது. பகல் முழுவதும் மேய்ப்பனோடு நடந்து, அவன் முகத்தைப் பார்த்து, அவன் சொல்லுக்கு வேலை செய்யப் பிறந்தது. மனிதனோடு சேர்ந்து வேலை செய்வதுதான் அதற்கு உயிர். நான் அதைக் கொண்டுபோய் என் இறால் பண்ணையில் பம்ப் கொட்டிலுக்குப் பக்கத்துத் தென்னையில் சங்கிலியால் கட்டினேன்.

ஆள் பழகினால் காவல் கெட்டுவிடும் என்று சொன்னார்கள். நம்பினேன். யாரும் அதன் கிட்டப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டேன். குட்டியாக இருந்தபோது அது பண்ணையைக் காவல் காக்கும் வாச்சரின் குரல் கேட்டாலே வாலாட்டும். அவர் மகன் வந்தால் தரையில் உருண்டு வயிற்றைக் காட்டும். அதையும் நிறுத்தினேன். நாய்க்குட்டி பிறந்து மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டாம் கிழமை வரை எந்த மனிதர்களோடு பழகுகிறதோ, எந்தச் சத்தங்களைக் கேட்கிறதோ, அவற்றைத்தான் பிறகு பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஸ்கொட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் இதை எழுதிவிட்டார்கள். நான் அந்தக் கிழமைகளின் கடைசிப் பகுதியைச் சங்கிலியில் கழிய விட்டேன். பிள்ளைகள் என்றால் என்ன என்று சீசர் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தினேன்.

அடுத்தது தீனி. சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று அவசரப்பட்டேன். சோறும் மீன் தலையும் கேட்ட அளவுக்குப் போட்டேன். எலும்பு உறுதியாகட்டும் என்று கல்சியம் மாத்திரையும் கொடுத்தேன். வருகிறவர்கள் 'இந்த வயசுக்கு என்ன உடம்பு!' என்பார்கள். எனக்கு நெஞ்சு நிமிரும். பெரிய இனக் குட்டிகளை மெதுவாக வளர்க்க வேண்டும். உடம்பு முந்திக்கொண்டால் மூட்டு பிந்திவிடும். கூடுதல் கல்சியம் எலும்பைக் கெடுக்கும். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். பாதி நாய்களுக்கு மற்றப் பாதியைவிடக் கால்வாசி குறைத்துத் தீனி கொடுத்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைத்துச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டு நோவும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. சீசர் நடக்கும்போது இடுப்பு ஆடியது. அதை நான் மிடுக்கு என்று நினைத்தேன். அது நோ.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பண்ணையைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் தண்ணீர். எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீர் கேனில் வர வேண்டும். சங்கிலி இழுபட்டுச் சட்டி அடிக்கடி கவிழும். தென்னையின் நிழலோ ஓரிடத்தில் நிற்காது. காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம். கட்டிய நாயால் நிழலின் பின்னால் போக முடியாது. அடர்ந்த இரட்டை ரோமம் உள்ள நாய். பாதத்தில் தவிர அதற்கு வியர்வை இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைக்க வேண்டும். களப்புக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அதுவும் பலிக்காது. இவ்வளவும் என் கண் முன்னால் நடந்தது. நான் பார்த்துக்கொண்டு போய்வந்தேன்.

இப்போது முக்கியமான குற்றத்துக்கு வருகிறேன்.

சீசர் பாதி வளர்ந்த வயதில், ஒரு நாள் அது தின்றுகொண்டிருந்த சட்டியை எடுக்கக் குனிந்தேன். உறுமியது. பக்கத்தில் இறால் வாங்க வந்த வியாபாரிகள் நின்றார்கள். அவர்கள் முன்னால் என் நாயே என்னைப் பார்த்து உறுமிவிட்டது. எனக்கு மானம் போனதுபோல் இருந்தது. தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்து அடித்தேன். அது தரையோடு தரையாகப் படுக்கும் வரை அடித்தேன். பிறகு சட்டியை எடுத்தேன். அடுத்த நாளும் வேண்டுமென்றே சட்டியை எடுத்தேன். உறுமினால் அடி. மறுபடி எடுத்தேன். மறுபடி அடி. கடைசியில் உறுமல் நின்றது. 'இப்ப சட்டிக்குள்ள கையை விட்டாலும் மூச்சுக் காட்டாது' என்று எல்லோரிடமும் சொன்னேன். வேண்டுமென்றால் பாருங்கள் என்று செய்தும் காட்டினேன்.

நாயை அடக்கித் தலைவனாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது தலைமேல் ஏறிவிடும் என்பது என் எண்ணம். அது எங்கிருந்து வந்த எண்ணம் என்று பின்னால் அறிந்தேன். 1947இல் ருடோல்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், கூண்டில் அடைத்த ஓநாய்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்து எழுதியது. டேவிட் மெக் என்ற ஓநாய் அறிஞர் 1970இல் எழுதிய நூல் அதை உலகமெல்லாம் பரப்பியது. அதே மெக், 1999இல் அது தவறு என்று வெளிப்படையாக எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம். அங்கே அடித்துப் பிடித்த தலைமை இல்லை. தன் பெயருக்குப் புகழ் தந்த கருத்தையே அவர் மறுத்துச் சொன்னார். நான் ஒரு நாய்ச் சட்டி விஷயத்தில்கூட என் தவறை ஒத்துக்கொள்ளாதவன்.

உறுமல் மரியாதைக் குறைவு இல்லை. 'கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று நாய் தன் குரலில் சொல்வது அது. கடிக்காமல் தப்ப நாய் தேடும் வழி. அந்த வழியை நான் அடைத்தேன். பயத்தை நான் போக்கவில்லை. பயம் வெளியே கேட்காமல் செய்தேன். அத்தோடு, சட்டியை நோக்கி ஒரு மனிதக் கை வந்தால் அடுத்து அடிதான் விழும் என்று சீசருக்குப் பழக்கியதும் நான்தான்.

பாடசாலை விடுமுறைக் காலம். வாச்சரின் மகனுக்கு எட்டு வயதிருக்கும். தகப்பனுக்குச் சோறு கொண்டுவந்திருந்தான். நல்ல வெயில். நான் குளத்து வரம்பில் நின்று தீனித் தட்டைத் தூக்கி, இறால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீசரின் சட்டி வெறுமையாகக் கிடந்ததைக் காலையிலேயே கண்டிருந்தேன். பிறகு ஊற்றலாம் என்று தாண்டிப் போயிருந்தேன்.

பையன் கண்டான். தாண்டிப் போகவில்லை. போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரோடு சங்கிலி வட்டத்துக்குள் போனான். சட்டியை நிமிர்த்தக் குனிந்தான். நான் வரம்பிலிருந்து பார்த்தேன். சீசர் முகத்தை மறுபக்கம் திருப்பியது. உதட்டை நக்கியது. ஒரு கொட்டாவி விட்டது. காது பின்னால் ஒட்டியது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. பிறகு உடம்பு முழுவதும் அசையாமல் இறுகி நின்றது. இவை ஒவ்வொன்றும் கெஞ்சல் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று நான் நினைத்தது இது: 'பார், என்ன அடக்கம்!' கூப்பிட்டிருந்தால் பையன் நின்றிருப்பான். நான் கூப்பிடவில்லை. பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீசர் உறுமவில்லை. பையனின் வலது கையைக் கவ்வி உதறியது.

நான் ஓடினேன். ஓடிப் பையனைத் தூக்கவில்லை. முதலில் நாயை அடித்தேன். பையனைத் தூக்கியது அவன் தகப்பன். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். விசர்நாய்க்கடிக்கு முதல் மருந்து அதுதான். நான் கோப்பித்தூளை அள்ளி அப்பினேன். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: 'நாய்க்கு விசர்த் தடுப்பூசி போட்டிருக்கா?' போடவில்லை. குட்டியில் வேறு ஊசிகள் போட்டதோடு சரி. பிரதேச சபையில் பதிவும் செய்யவில்லை. 1901ஆம் ஆண்டிலிருந்து நாய்ப் பதிவுச் சட்டம் இருக்கும் நாடு இது. சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். 'போட்டிருக்கு' என்றேன். அட்டை எங்கே என்றார். வீட்டில் இருக்கிறது, காலையில் கொண்டுவருகிறேன் என்றேன்.

அந்தப் பொய்யின் எடையைச் சொல்கிறேன். விசர் நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. 1973இல் இலங்கையில் 377 பேர் அந்த நோயில் செத்தார்கள். இன்று அது வருடத்துக்கு இருபது, முப்பது என்று குறைந்திருக்கிறது. தடுப்பூசி போட்ட நாய்களாலும், நேரத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்களாலும் வந்த குறைவு அது. என் கௌரவத்துக்காக அந்தப் பிள்ளையின் சிகிச்சையை ஓர் இரவு பிந்த வைத்தேன். விடிந்ததும் போய் உண்மையைச் சொன்னேன். மனசாட்சி குத்திப் போகவில்லை. பையன் செத்தால் என்னைப் பிடிப்பார்கள் என்று பயந்து போனேன். காயத்தைச் சுற்றி மருந்தை ஏற்றினார்கள். அவன் கத்தியது வாசல்வரை கேட்டது.

அன்றுதான் இன்னொன்றும் நடந்தது. வார்டுக்கு வெளியே வாச்சர் என்னிடம் வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'மன்னிச்சுக்கங்க முதலாளி. பையன் கிட்டப் போயிருக்கக் கூடாது' என்றார்.

நான், 'சரி சரி, இனிக் கவனமாப் பாத்துக்க' என்றேன்.

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் என்னிடம் கேட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன். செய்தவற்றில் எது கொடியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். குழாயால் அடித்தது கோபத்தில். பொய் சொன்னது பயத்தில். இதை மட்டும் நிதானமாகச் செய்தேன்.

பிறகு ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், பையன் கல்லால் எறிந்தான் என்று சொன்னேன். ஊர் நம்பியது. அவனோடு படிக்கும் பிள்ளைகள் அதைச் சொல்லி அவனைக் கேலி செய்தார்கள். 'நான் எறியல்ல, தண்ணிதான் வைக்கப் போனேன்' என்று அவன் வீட்டில் அழுதிருக்கிறான். பொய் சொல்கிறாய் என்று பெற்ற தாயே அவனை ஏசியிருக்கிறார். கடித்த காயத்துக்கு மருந்து இருந்தது. இதற்கு இல்லை. அவனுடைய இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. எழுதும்போது பேனையைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்கிறான்.

இலங்கையில் கடித்த நாயைப் பதினான்கு நாள் கவனிக்கச் சொல்வார்கள். சீசருக்கு ஒன்றும் வரவில்லை. பதினான்கு நாள் முடிந்ததும், மாதம்பைப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு அதை விற்றேன். கடித்த கதையைச் சொல்லவில்லை. 'நல்ல காவல் நாய், உறுமவே உறுமாது' என்று சொல்லி விற்றேன். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும். தூக்கம் வராமல் பிறகு ஒரு நாள் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசினார். அத்தனை ஏச்சும் எனக்குத் தகும். சீசரைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அதைப் பார்க்க வந்த மிருக வைத்தியர் இடுப்பைத் தொட்டதும் அது நடுங்கியது. இரண்டு பக்க மூட்டும் கெட்டிருந்தன. உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. 'இது எவ்வளவு காலம் சங்கிலியில இருந்தது?' என்று கேட்டார். 'குட்டியிலேருந்து' என்றேன். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அமெரிக்காவின் டென்வர் நகரில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டிப்போட்ட நாய் கடித்திருக்கும் வாய்ப்பு மற்றதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. கட்டிய நாயால் விலகிப் போக முடியாது. போக முடியாதது கடிக்கும்.

கடைசிக் காலத்தில் சீசர் எங்கள் வீட்டு வளவில் அவிழ்த்தபடி இருந்தது. வேலியை உயர்த்தினேன். வெளியே போகும்போது வாய்க்கூடு போட்டேன். சட்டியை வைத்துவிட்டுத் தள்ளிப் போனேன். தின்று முடியும் வரை யாரையும் கிட்ட விடவில்லை. ஒரு நாள் நான் கிட்டப் போனபோது தொண்டைக்குள் மெதுவாக உறுமியது. நின்றேன். பின்வாங்கினேன். ஆரம்பத்திலேயே செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு அறிவுகூடத் தேவையில்லை. ஒரு அடி பின்னால் வைக்கும் பணிவு போதும். இடுப்பு முழுதாக விழுந்தபிறகு வைத்தியர் அதை ஊசி போட்டு உறங்க வைத்தார். இந்த நல்ல காலத்தை என் கணக்கில் வரவு வைக்க வேண்டாம். கெடுத்தவன் கொஞ்சம் சரிசெய்தான், அவ்வளவே.

1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் என் போன்றவனுக்கு வைத்திருந்த தண்டப் பணம் நூறு ரூபா. அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. பையனின் கைக்கும் யாரும் வழக்குப் போடவில்லை. தகப்பன் என் பண்ணையில் சம்பளம் வாங்குகிறவர். அவர் எப்படிக் கேட்பார்? அவருடைய அந்த நிலைமைதான் என்னைக் காப்பாற்றியது. அதுவும் எனக்கு அன்றே தெரியும்.

வாச்சரின் வீட்டுக்குப் போனேன். தாயையும் பையனையும் வரச் சொல்லி, அவர்கள் முன்னால் சொன்னேன். பையன் எறியவில்லை, தண்ணீர் வைக்கத்தான் போனான், நான் கண்ணால் கண்டேன் என்றேன். தாய் அழுதார். வாச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் தாயைப் பார்த்து, 'நான் சொன்னேன்தானே' என்றான். என்னை யாரும் மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் 'பரவாயில்லை முதலாளி' என்றுதான் சொல்வார்கள். சம்பளம் வாங்குகிறவர்களிடம் அப்படி ஒரு பதிலைக் கறப்பது இன்னொரு அடி.

பையனின் கைக்கான வைத்தியச் செலவையும் படிப்புச் செலவையும் நான் கொடுத்து வருகிறேன். காரணத்தை அந்த வீட்டுக்குள் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஊருக்குச் சொல்லவில்லை. ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? கல்லெறிந்து கடி வாங்கிய பிள்ளையையும் படிக்க வைக்கிறாரே, முதலாளிக்கு என்ன மனசு என்கிறார்கள். கோயில் வீதியில் என்னைக் கண்டால் கும்பிடுகிறார்கள். நானும் தலையசைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயரைக் கெடுத்துக் கட்டிய பொய்யின்மேல் இன்று எனக்குப் புகழ் வளர்கிறது. ஆகவே ஊரறியச் சொல்கிறேன். அவன் கல்லெறியவில்லை. நான் கொடுப்பது உதவி இல்லை, கடன். இன்னும் பெரும்பகுதி பாக்கி இருக்கிறது.